சுற்றிப் பார்க்க மனோரா கோபுரமா, கோடியக்கரைச் சரணாலயமா?

ஒரே நாளில் இரண்டும் என்றால் அலைச்சல்தான்.

வழி: மனோராவுக்குப் பட்டுக்கோட்டை, சேதுபாவாசத்திரம் பக்கம். கோடியக்கரைக்கு வேதாரண்யத்திலிருந்து தெற்கே சுமார் 11 கி.மீ.

பார்க்க: மனோரா, 1814-இல் நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதைக் கொண்டாட இரண்டாம் சரபோஜி எழுப்பிய அறுகோண, எட்டு அடுக்குக் கோபுரம், கலங்கரை விளக்கமாகவும் இருந்தது. கோடியக்கரையில் சோழர் காலத்தது எனப்படும் கலங்கரை விளக்கம் 2004 சுனாமியில் இடிந்து, செங்கல் மிச்சம்தான். அதற்காக மட்டும் போனால் ஏமாற்றமே. வெளிமானும் பூநாரையும் ஈடுகட்டும்.

தொல்லை: மனோராவில் கரையோரம் சேறு, குளிக்க ஆகாது. கோடியக்கரையில் குரங்கு, தின்பண்டப் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள்.

கட்டடம் பார்க்க, பெரியவர்களோடு அரை நாள்: மனோரா. பறவைக்கு, நவம்பர் முதல் பிப்ரவரிக்குள், விடியலிலேயே: கோடியக்கரை.