எடைப் பயிற்சிக்கு முதல் புத்தகம் எது: அர்னால்டா, ரிப்பட்டோவா, டெலாவியேவா?

ஜிம்மில் சேர்ந்ததும் பலரும் தேடுவது அர்னால்ட் ஸ்வார்ஸ்நெகரும் பில் டாபின்ஸும் எழுதிய ‘என்சைக்ளோபீடியா ஆஃப் மாடர்ன் பாடிபில்டிங்’கைத்தான். 1985இல் வந்தது, 1998இல் விரிவான புதுப் பதிப்பு. உடற்கட்டுக் கலையின் முன்னோடி யூஜின் சாண்டோ காலத்து வரலாற்றிலிருந்து மேடையில் போஸ் கொடுப்பதுவரை 800 பக்கத்துக்கு மேல். புரட்டினாலே கை பரபரக்கும். ஆனால் அதிலுள்ள செட்களின் (நடுவில் ஓய்வின்றிச் செய்யும் சுற்றுகளின்) எண்ணிக்கை ஆண்டுக்கணக்கில் பழகிய உடம்புக்கானது. புதியவர் அப்படியே பின்பற்றினால் அடுத்த வாரம் மாடிப்படி ஏறவே சிரமப்படுவார்.

அதனால் முதலில் வாங்க வேண்டியது அமெரிக்கப் பயிற்சியாளர் மார்க் ரிப்பட்டோவின் ‘ஸ்டார்ட்டிங் ஸ்ட்ரெங்த்’ என்றே அடித்துச் சொல்வேன். 2011இல் வந்த மூன்றாம் பதிப்பைப் பாருங்கள். ஸ்குவாட் (எடையை முதுகில் சுமந்து உட்கார்ந்து எழுவது), பிரஸ் (நின்றபடி தலைக்கு மேலே தூக்குவது), பெஞ்ச் பிரஸ் (படுத்தபடி நெஞ்சிலிருந்து மேலே தள்ளுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து இழுத்து நிமிர்வது), பவர் கிளீன் (தரையிலிருந்து வேகமாகத் தோளுக்கு ஏற்றுவது) என்று ஐந்தே தூக்கல்கள்தான் அடிப்படை. ஸ்குவாட் என்றால் ஐந்து ரெப் (ஐந்து தடவை), மூன்று செட். டெட்லிஃப்டுக்கு ஒரே செட். ஒவ்வொரு பயிற்சி நாளிலும் கொஞ்சம் எடை கூட்ட வேண்டும், அவ்வளவே. டெட்லிஃப்டை அவர் சொல்லித்தரும் விதமே அழகு: பார் (எடைகளை மாட்டும் கம்பி) பாதத்தின் நடுவுக்கு நேர்மேலே, முன்காலிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி இருக்கட்டும். குனிந்து பிடியுங்கள். முன்காலில் பார் படும்வரை முழங்காலை மடக்குங்கள். பாரை நகர்த்தாமல், இடுப்பைத் தாழ்த்தாமல் நெஞ்சை நிமிர்த்துங்கள். பிறகு காலை ஒட்டியே இழுங்கள். பக்கத்தில் பயிற்சியாளர் இல்லாதவருக்கு இந்த வரிசை பெரிய துணை.

குறையும் உண்டு. பாரை முதுகில் தாழ்வாக வைக்கும் ஸ்குவாட்டையே அவர் வலியுறுத்துகிறார். தோள்பட்டை இறுகியவர்கள் திணறுவார்கள். ஒல்லியான பையன்களை நாளுக்கு ஒரு கேலன், அதாவது கிட்டத்தட்ட 3.8 லிட்டர் பால் குடிக்கச் சொல்வது நம்மில் பலர் வயிற்றுக்கு ஒத்துவராது. பவர் கிளீனைப் படித்து மட்டும் கற்பதும் கடினம்.

பிரெஞ்சுக்காரரான ஃபிரெடெரிக் டெலாவியேயின் ‘ஸ்ட்ரெங்த் டிரெயினிங் அனாடமி’ வேறு வகை. எந்தப் பயிற்சியில் எந்தத் தசை உழைக்கிறது என்பதைச் சிவப்பில் தீட்டிக் காட்டும் படங்கள்தான் அதன் உயிர். தொடை எலும்பு நீளமானவர் ஸ்குவாட்டில் ஏன் முன்னால் சாய்கிறார் என்பது படத்தைப் பார்த்ததும் விளங்கும். ஆனால் திங்கட்கிழமை என்ன செய்வது என்று அதில் தேடாதீர்கள். இரண்டாவதாக வாங்கினால் போதும்.

ரிப்பட்டோவின் வழியில் எடை ஏறாமல் நின்றபின், கைக்கும் தோளுக்கும் தனியாக உழைக்க ஆசை வந்தால் அர்னால்டைத் திறவுங்கள்.