பாலாற்றுச் சாக்கடைக்கு எது சரி: எந்திரமா, குளமா?

வேலூர்க்காரன் கடல்நீர்த் தூய்மையைப் பற்றிப் பேசினால் சிரிப்புதான் வரும். ஆனால் பாலாறு கல்பாக்கத்துக்குப் பக்கத்தில், வயலூரில் கடலைத் தொடுகிறது. வருஷத்தில் முக்கால்வாசி நாள் ஆறு வெறும் மணல். அதனால் நம் ஊர்ச் சாக்கடை அத்தனை தூரம் போகாமல் மணலுக்குள் இறங்குகிறது. குடிநீர்க் கிணறுகளும் அதே மணலில்தான். 2021 நவம்பர் மாதிரி வெள்ளம் வந்தால், தேங்கிக் கிடந்த அழுக்கும் கடலுக்குக் கிளம்பிவிடும்.

மும்பையில் வொர்லி, பாந்த்ராவிலிருந்து கடலுக்கடியில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் சுரங்கக் குழாய் போட்டுக் கழிவுநீரை விடுகிறார்கள். அங்கே கலக்கக் கடல் இருக்கிறது. நம் ஆற்றில் கலக்கத் தண்ணீரே கிடையாது, இந்த வழியை இத்தோடு விட்டுவிடலாம்.

சாக்கடையைச் சுத்திகரிக்க மிச்சம் இரண்டு வழி. ஒன்று, எஸ்.பி.ஆர். (Sequencing Batch Reactor) என்கிற எந்திரத் தொட்டி. ஒரே தொட்டியில் நிரப்பி, காற்றடித்து, தெளியவிட்டு, மேல்தண்ணீரை இறுத்து விடுவார்கள். சில மணி நேரத்தில் ஒரு சுற்று முடியும். இடம் கொஞ்சம் போதும். காற்றை நிறுத்தி வைக்கும் நேரத்தில் நுண்ணுயிரிகள் நைட்ரேட்டிலிருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ள, நைட்ரஜன் வாயுவாகப் பறந்துவிடும். கடலோரத்துக்கு இது பெரிய விஷயம்: ஏரியில் பாசி பெருகப் பெரும்பாலும் பாஸ்பரஸ் காரணமென்றால், கடலில் நைட்ரஜன்.

ஒரு எஸ்.பி.ஆர். நிலையத்தில் ஆபரேட்டர் ஒருவர் ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடியில் தொட்டித் தண்ணீரை மொண்டு மேஜைமேல் வைத்தார். காபி டிகாக்‌ஷன் நிறம். அரை மணியில் சேறு கால் ஜாடிக்கு இறங்கி, மேலே தெளிந்து நின்றது. "இது இறங்கலேன்னா அன்னிக்கு எனக்குத் தூக்கம் இல்ல சார்" என்றார். காற்றடிக்கும் எந்திரம் நெடுநேரம் நின்றுபோனால் அழுக்கைத் தின்னும் நுண்ணுயிரிகள் மூச்சுத் திணறும். கரண்ட் பில்லும், ஜெனரேட்டர் டீசலும், ஜாடியைப் பார்க்கத் தெரிந்த ஆளும் தினமும் வேண்டும்.

இன்னொன்று குளம். அடுத்தடுத்து மூன்று: முதலாவது ஆழமானது, காற்றில்லாமல் அழுக்கைச் செரிக்கும், நடுவில் உள்ளதில் பாசி பகலில் ஆக்சிஜன் கொடுக்கும், ஆழமில்லாத கடைசியில் வெயில் கிருமியைக் கொல்லும். அக்னி நட்சத்திரத்தில் நம்மை வாட்டுகிற வேலூர் வெயில் இங்கே சம்பளமில்லாத வேலைக்காரன். மோட்டார் நின்றாலும் குளம் நிற்காது. ஆனால் எஸ்.பி.ஆரைவிடப் பல மடங்கு நிலம் கேட்கும், முதல் குளம் நாறும், கரையில் புல் வெட்டாவிட்டால் கொசு. நைட்ரஜனும் முழுசாகப் போகாது. நிலம் கிடைக்கவில்லையென்று ஏரியையே குளமாக்க யாராவது கிளம்பினால் நான் முதல் ஆளாக எதிர்ப்பேன்; ஏரி பாசனத்துக்கு, கழிவுக்கு அல்ல.

என் கணக்கில் வேலூர் நகருக்கு எஸ்.பி.ஆர். தான், இங்கே நிலம் ஏது? கடைசியில் ஒரு சின்னக் குளம் மட்டும் சேர்க்கவேண்டும். எந்திரம் தவறுகிற நாளில் அது தாங்கும். பேரணாம்பட்டு மாதிரிச் சின்ன ஊர்களுக்குக் குளமே நல்லது. நாலு மாசம் ஓடிவிட்டுப் பூட்டிக் கிடக்கிற எந்திரத்தைவிட, சுமாராக நாற்பது வருஷம் ஓடுகிற குளம் மேல்.

ஒன்றில் மட்டும் இரண்டும் தோற்கும்: தோல் பதனிடும் உப்பு. அதை எஸ்.பி.ஆரும் எடுக்காது, குளமும் எடுக்காது. 1996-ல் உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவரே ஈடு கட்டவேண்டும் என்று சொன்னது நம் மாவட்டத்துத் தோல் ஆலை வழக்கில்தான். தோல் ஆலையிலிருந்து திருட்டுத்தனமாக ஒரு இணைப்பு பாதாளச் சாக்கடையில் சேர்ந்தால், அந்த ஜாடியில் சேறு இறங்காமல் மேலேயே மிதக்கும். செப்டிக் டேங்க் லாரி ராத்திரியில் ஆற்றோரம் திறந்துவிட்டால், அது ஜாடிக்கே வராது.