மாசிலானா, அலிக்விப்பாவா?

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை உதைப்பது குறைவு, கையில் ஏந்தி ஓடுவதுதான் அதிகம். அந்த ஆட்டத்தைக் குலதெய்வம் போலக் கொண்டாடும் இரண்டு எஃகு ஊர்கள் ஒஹையோவின் மாசிலானும் பென்சில்வேனியாவின் அலிக்விப்பாவும். இதில் எந்த ஊர் உசத்தி?

மாசிலானில் ஆண் குழந்தை பிறந்தால் ஒரு குட்டிப் பந்தைப் பரிசாகத் தருவார்கள், தாய்மாமன் சீர் மாதிரி! ஊரில் சுமார் 32,000 பேர். பள்ளி அணியின் மைதானத்திலோ 16,000 பேருக்கு மேல் உட்காரலாம். அதற்கு வித்திட்டவர் பால் பிரவுன். 1932 முதல் 1940 வரை இங்கே பயிற்சியாளராக இருந்து 80 ஆட்டங்களை வென்றார், தோற்றது எட்டே எட்டு. பின்னாளில் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் என்ற தொழில்முறை அணிக்கும் அவர் பெயரையே வைத்தார்கள். பக்கத்து ஊரான கேன்டனோடு ஆட்டக்களத்தில் 1894-இல் தொடங்கிய பங்காளிச் சண்டை இன்னும் ஓயவில்லை.

அலிக்விப்பாவில் இந்த ஆடம்பரம் கிடையாது. 1980களில் எஃகு ஆலை படுத்தது, ஊரும் சுருங்கி 10,000-க்குக் கீழே வந்துவிட்டது. ஆனால் மைக் டிட்கா, டை லா, டேரல் ரீவிஸ் மூவரும் இங்குள்ள ஒரே பள்ளியில் ஆடியவர்கள். மூவருக்கும் தொழில்முறைக் கால்பந்தின் புகழ்க்கூடத்தில் இடம். அந்தக் கூடம் இருப்பது எங்கே தெரியுமா? மாசிலானை ஒட்டிய கேன்டனில்!

2023-இல் இரண்டு பள்ளிகளுமே தத்தம் மாநிலப் பட்டத்தை வென்றன. பட்டத்தை நாக்அவுட் ஆட்டங்களால் தீர்மானிக்கும் பிளேஆஃப் முறை வந்தபின் மாசிலானுக்கு அதுதான் முதல் பட்டம். திருவிழா பார்க்க மாசிலான், சரி. ஆட்டக்காரர்களை வைத்துப் பார்த்தால் என் ஓட்டு அலிக்விப்பாவுக்கே.