கூட்டுக்குள் ஒளிந்த விசிறி: பழைய பீட்டிலோடு ஒரு நெடுநாள் அனுபவம்

காற்றால் குளிரும் எஞ்சினைப் புகழ்கிறவர்கள், ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் ஊற்றும் வேலை கிடையாது, ஹோஸ் வெடித்து நடுவழியில் நிற்கும் தொல்லை கிடையாது என்று இல்லாதவற்றையே வரிசையாகச் சொல்வார்கள். அந்த வேலையெல்லாம் தன் தலையில் ஏற்றுக்கொண்டு தகரக் கூட்டுக்குள் சுற்றிக்கொண்டிருக்கும் விசிறியைப் பற்றி அவர்கள் பேசி நான் கேட்டதில்லை. பெரியப்பா காலத்திலிருந்து எங்கள் பொள்ளாச்சித் தோட்டத்து வீட்டில் நிற்கும் 1965ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் பொறுப்பு என் கைக்கு வந்த பிறகு, இருக்கை, பிரேக், பெயின்ட் என்று எது எதையோ பார்த்துப் பார்த்துச் செய்தேன். கடைசியில் என்னை அலைய வைத்தது இந்த விசிறிதான். அது அடிபட்டு, சீராகி, அதற்குப் பின் கோடையும் ஆடிக் காற்றும் மாறி மாறி வந்துபோகும் அளவுக்கு ஓடியும் விட்டதால், இப்போது அதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாக எழுத முடியும் என்று நினைக்கிறேன்.

எஞ்சின் வண்டியின் பின்பக்கம், பின் இருக்கைக்குப் பின்னால் இருக்கிறது; மற்ற அமைப்பை விரிவாகச் சொல்லவில்லை. என் எரிச்சலுக்குக் காரணமான பகுதி மட்டும் இது: விசிறிக்கென்று தனி அச்சு கிடையாது. டைனமோவின் ஒரு முனையில் புல்லி, மறு முனையில் விசிறி. கிராங்க் புல்லியிலிருந்து வரும் ஒரே பெல்ட் இரண்டையும் சுற்றுகிறது. எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றினால் விசிறி ஏறக்குறைய 1.8 சுற்றுச் சுற்றும்; இந்த 1200 சிசி எஞ்சின் தன் 34 குதிரைத்திறனை முழுமையாகத் தரும் 3,600 சுற்றில், விசிறி 6,000 சுற்றைத் தாண்டியிருக்கும். ஒரே பெல்ட்டில் இரண்டு வேலையை முடித்தது சிக்கனமான யோசனைதான், அதை மறுக்கவில்லை. பெல்ட் அறுந்தால் டைனமோ நின்று சிவப்பு விளக்கு எரியும். அதே விளக்கு, காற்றும் நின்றுவிட்டது, வண்டியை ஓரங்கட்டு என்றும் சொல்லிவிடுகிறது. ஆனால் பெல்ட் அறுந்தால்தான் அது வாய் திறக்கும். பெல்ட் நன்றாக ஓடி, விசிறி மட்டும் கோணிக்கொண்டு சுற்றினால், விளக்கு எரியாது. வெப்பமானி என்ற ஒன்று இந்த வண்டியிலேயே கிடையாது. பின் மூடியைத் திறந்து பார்த்தாலும் டைனமோவும் கருப்புத் தகரமும்தான் தெரியும். விசிறி அந்தப் பக்கம், இருக்கைச் சுவரைப் பார்த்தபடி, கூட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. இவ்வளவு முக்கியமான ஓர் உறுப்பை, ஓட்டுகிறவன் கண்ணிலும் காதிலும் படாத இடத்தில் வைத்ததைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

காதில் படவே இல்லை என்று சொல்வதும் முழு நியாயம் ஆகாது. உடுமலை சாலையில் வேகம் கூடும்போதெல்லாம் பின்னாலிருந்து ஓர் ஊளை கிளம்பத் தொடங்கியது. டயர் என்றார் ஒருவர், சக்கர பேரிங் என்றார் மற்றொருவர். நின்ற இடத்தில், நியூட்ரலில் ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் அதே ஊளை வந்ததால் சக்கரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று தெளிந்தது. மெக்கானிக் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, எஞ்சினை அரை நிமிடம் மட்டும் ஓடவிட்டார், ஊளை அடங்கியது. அப்படியென்றால் டைனமோ அல்லது விசிறி, இரண்டில் ஒன்று. கூட்டின் காற்று வாய்க்குப் பின்னால் சின்னக் கண்ணாடியை நுழைத்து டார்ச் அடித்துப் பார்த்தபோது, சுவரில் ஒலி தடுப்பதற்காக ஒட்டியிருந்த தார் அட்டை பாம்புச் சட்டையைப் போல உரிந்து தொங்கியது. அதிலிருந்து கிழிந்த ஒரு துண்டு உள்ளே போயிருந்தது. துண்டோடு அட்டையைப் பிடித்திருந்த தகரப் பட்டையும் போயிருந்தது.

எஞ்சினை இறக்காமலே விசிறியை வெளியே எடுக்கலாம் என்பது இந்த வண்டிக்குரிய பெருமைகளில் ஒன்று. எடுத்துப் பார்த்தவர்கள் அந்தப் பெருமையைச் சற்றுத் தணிந்த குரலில்தான் சொல்வார்கள். பேட்டரி இணைப்பைப் பிரித்து, கார்புரேட்டரைக் கழற்றி, டைனமோவைக் கட்டியிருக்கும் பட்டையைத் தளர்த்தி, விசிறி மூடித்தகட்டின் நான்கு போல்ட்டுகளைக் கழற்ற வேண்டும். மேலே இருப்பவை கண்ணுக்குத் தெரியும். கீழே இருப்பவற்றை விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும், ஸ்பேனரைத் திருப்ப இடமே இல்லை. விசிறியை டைனமோ அச்சோடு பிடித்திருக்கும் நட்டு 36 எம்எம். பின் சக்கர அச்சு நட்டும், ஃப்ளைவீலைப் பிடிக்கும் நட்டும் அதே அளவு என்பதால், பீட்டில் வைத்திருப்பவர்கள் வீட்டில் அந்த ஒரு சாக்கெட் கட்டாயம் இருக்கும். வெளியே வந்த விசிறியில் அடுத்தடுத்து இருந்த இறக்கைகள் உள்பக்கமாக மடங்கியிருந்தன. எடைச் சமநிலை தவறிப்போன விசிறி அந்த வேகத்தில் உதறியதில் டைனமோவின் பேரிங்கும் தேய்ந்துவிட்டிருந்தது, கார்பன் பிரஷ்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து அரைபட்டிருந்தன.

“தட்டி நிமித்தறதெல்லாம் ஆகாதுங்க, புதுசு ஒண்ணு தருவிச்சுப் போட்டுருங்க” என்றார் மெக்கானிக். அவர் சொன்னது பொறுப்பான பேச்சு; அந்த வேகத்தில் சுற்றும் பொருளில் அரைகுறை வேலை கூடாது. பழைய வண்டிகளுக்கு உதிரி பாகம் விற்கும் ஒரு கடையிலிருந்து புதிய விசிறியைத் தருவித்தேன். எஞ்சின் எண், ஆண்டு, சிசி எல்லாம் எழுதிக் கேட்டு வாங்கிக்கொண்டவர்கள், 1971க்குப் பிந்தைய எஞ்சினுக்கான அகலமான விசிறியை அனுப்பிவைத்தார்கள். அந்த எஞ்சின்களில் ஆயில் கூலரைக் கூட்டுக்கு வெளியே தனி உறைக்குள் மாற்றியபோது, அதற்கும் சேர்த்துக் காற்றுத் தர விசிறியையும் அகலமாக்கினார்கள். பழைய கூட்டுக்குள் வைத்தால் அது தகரத்தில் உரசும். உரசுகிறது என்று படத்தோடு எழுதினேன். எல்லா பீட்டிலுக்கும் பொருந்தும் என்று பதில் வந்தது. பிரித்த பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்பது அடுத்த பதில். அந்த விசிறி இன்னும் எங்கள் சாளையில், அதாவது தோட்டத்துக் கொட்டகையில், ஆணியில் தொங்குகிறது. பொருளைப் பற்றி நியாயமாகச் சொல்வதானால், தகரமும் பற்றவைப்பும் மோசமில்லை, உரிய எஞ்சினில் அது நன்றாகவே ஓடக்கூடும். விற்றவர்களைப் பற்றி நியாயமாகச் சொல்லும் பொறுமை எனக்கு இன்னும் வரவில்லை.

பிறகுதான் கோயமுத்தூருக்குப் போகும் யோசனை வந்தது. கார்க் கடைக்கு அல்ல, பம்ப் பட்டறைக்கு. 1937இலேயே மின் மோட்டார் செய்து காட்டிய ஊர் அது. கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் எந்தச் சந்துக்குள் போனாலும் மோட்டாருக்குள் சுழலும் ரோட்டரையும் பம்புக்குள் சுழலும் இறக்கைச் சக்கரமான இம்பெல்லரையும் சுற்றவிட்டு எடை பார்க்கிற, அதாவது எல்லாப் பக்கமும் எடை சமமாக இருக்கிறதா என்று சோதிக்கிற, பட்டறை ஒன்றாவது இருக்கும். நான் போன இடத்தில் விசிறியைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தவர், இது எந்தக் காரினுடையது என்றுகூடக் கேட்கவில்லை. “காருக்குப் போனா என்னங்க, மோட்டாருக்குப் போனா என்னங்க, சுத்தற சாமான் எல்லாம் ஒண்ணுதானுங்க” என்றார். அவர் சொன்னதில் தொழில்நுட்பமும் இருக்கிறது: சுழலும் பொருள்களின் எடைச் சமநிலைக்கான ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர வரிசையில் விசிறிக்கும் பம்ப் இம்பெல்லருக்கும் பொதுவாக வைப்பது ஜி 6.3 என்ற ஒரே படிதான்.

அவர் முதலில் எடை பார்க்கும் பேலன்சிங் மெஷின் பக்கமே போகவில்லை. விசிறியை எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவிக் காயவைத்து, சிவப்புச் சாயத்தை எல்லாப் பக்கமும் தெளித்து, சற்று நேரம் ஊறவிட்டுத் துடைத்தார். பிறகு வெள்ளைப் பொடியைத் தெளித்தார். விரிசல் இருந்தால் அதற்குள் போன சாயம் வெள்ளைக்கு மேல் கசிந்து கோடு போடும். வார்ப்பட வேலை நடக்கும் ஊரில் இது அன்றாடச் சோதனை. இறக்கைகள் தட்டோடு சேரும் இடங்களில் நேர்நேராகச் சிவப்புக் கோடுகள் எழும்பின. எனக்கு வயிறு கலங்கியது. அவர் விரல் நுனியால் காட்டினார்: அவை இணைப்பின் இடுக்குகள், ஒரே சீராக, ஒரே நீளத்துக்கு இருக்கின்றன, விரிசல் என்றால் கோணல்மாணலாக ஓடும், பெரும்பாலும் நடுத்துளையைச் சுற்றித்தான் கிளம்பும். நடுத்துளையைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. அங்கே ஒரு மயிரிழை சிவந்திருந்தாலும் பற்றவைத்துத் தர மாட்டேன், எடைக்குப் போட வேண்டியதுதான் என்று அவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அந்த ஒரு கண்டிப்புக்காகவே அவர் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

மடங்கிய இறக்கைகளைச் சூடேற்றாமல், மரக்கட்டை கொடுத்துச் சிறுகச் சிறுக நிமிர்த்தினார்கள். நடுத்துளைக்குப் பொருந்தும்படி லேத்தில் கடைந்த மேண்ட்ரல் என்ற தண்டில் விசிறியை ஏற்றி, மெஷினில் சுற்றவிட்டபோது, எந்தப் பக்கத்தில், எந்தக் கோணத்தில், எத்தனை கிராம் கூடுதல் என்று திரையில் வந்தது. பின்தட்டின் விளிம்பில் கிரைண்டரால் ஒரு தொடுதல், மறுபடியும் ஓட்டம், முன்தட்டின் விளிம்பில் ஒரு தொடுதல், மறுபடியும் ஓட்டம். தகரத்தைத் தின்னாமல், பொடியாக உதிரும் அளவுக்குத்தான் தேய்த்தார். கூடவே கொண்டுபோயிருந்த புதிய விசிறியையும் ஏற்றிப் பார்த்தோம். நிமிர்த்திய கையோடு, தேய்ப்பதற்கு முன்னால் என் பழையது காட்டிய எடைக் கோளாறுக்கும் அது காட்டியதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. வேலை முடிந்து அவர் கேட்ட கூலி, புதிய விசிறிக்கு நான் கட்டிய கூரியர் செலவைக்கூட எட்டவில்லை.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை மூன்று. விசிறிக்கும் மூடித்தகட்டுக்கும் இடையில் சுமார் 2 எம்எம் இடைவெளி வேண்டும். அதற்குத்தான் நடுவில் மெல்லிய வாஷர்கள் இருக்கின்றன, கழற்றும்போது அவற்றைத் தொலைத்துவிடக் கூடாது. மூடித்தகட்டில் உள்ள காற்றுப் பிளவு கீழ்நோக்கி இருக்க வேண்டும். டைனமோவுக்கும் குளிர்காற்று வேண்டும், அது அந்த வழியாகத்தான் வருகிறது. பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்தினால் 15 எம்எம் அளவுக்கு இறங்க வேண்டும். அதற்கும் புல்லியின் இரு பாதிகளுக்கு இடையிலுள்ள வாஷர்களைக் கூட்டிக் குறைக்க வேண்டும். எடுத்தவற்றை நட்டுக்கு அடியிலேயே போட்டுவைப்பது வழக்கம். டைனமோவுக்குப் புது பேரிங்கும் பிரஷ்களும் போட்டாயிற்று, சுவருக்குப் புதிய தார் அட்டையும் நன்றாக ஆணியடித்தாயிற்று.

அதன் பிறகு வண்டி ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வால்பாறைக்குப் போய்வந்திருக்கிறது; பண்ணாரியிலிருந்து திம்பம் மலைப்பாதையிலும், சித்திரை வெயிலில் ஈரோட்டு நெரிசலிலும் ஓடியிருக்கிறது. இரண்டாம் கியரில் மலையேறும்போதுதான் இந்த எஞ்சினுக்கு உண்மையான சோதனை: வண்டியின் வேகம் குறைவு, எஞ்சினுக்கோ உழைப்பு அதிகம். காரின் வேகத்தை நம்பாமல் எஞ்சினின் சுற்றை நம்பிக் காற்றை இழுக்கும் விசிறி அங்கேதான் தன் மதிப்பைக் காட்டுகிறது. ஊளை போன இடத்தில் இப்போது சீரான ஒரு ரீங்காரம் மட்டும் இருக்கிறது. பிரஷ்கள் நேராகத் தேய்கின்றன. அடிபடுவதற்கு முன்னால்கூட இந்த வண்டி இவ்வளவு மென்மையாக ஓடியதாக எனக்கு நினைவில்லை. வண்டியில் இன்று நான் முழுமையாக நம்பும் உறுப்பு எது என்று கேட்டால், கோயமுத்தூரில் எடை பார்த்த அந்த விசிறியைத்தான் சொல்வேன்.

ஆனால் எரிச்சல் எங்கும் போய்விடவில்லை. இந்தப் பக்கம் தென்னைநார் ஆலைகள் அதிகம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எழும்பினால் நார்த்தூசி தெருவெல்லாம் பறக்கும். பின்கண்ணாடிக்குக் கீழேயுள்ள கிராதி வழியாக அது எஞ்சின் அறைக்குள் போய், விசிறியால் இழுக்கப்பட்டு, கூட்டுக்குள்ளேயே நிற்கும் ஆயில் கூலரின் இடுக்குகளில் படிகிறது. கூலரைத் தொட்டுச் சூடான காற்றுதான் மூன்றாம் சிலிண்டருக்குப் போகிறது. அதனாலேயே, சிலிண்டர்களுக்குப் பொறியைப் பகிர்ந்து தரும் டிஸ்ட்ரிபியூட்டரில் அந்த ஒரு சிலிண்டருக்குப் பொறியைச் சற்றுத் தாமதமாக வைத்த எஞ்சின்களும் உண்டு. ஏற்கெனவே சூட்டில் நிற்கும் சிலிண்டருக்கு நாரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதைச் சுத்தம் செய்ய வேண்டுமென்றால் மீண்டும் கார்புரேட்டர், மீண்டும் டைனமோ, மீண்டும் விரலால் தடவிக் கண்டுபிடிக்கும் அந்தக் கீழ் போல்ட்டுகள். கூட்டில் உள்ளங்கை அளவு ஒரு திறப்பு வைத்திருந்தால் பாதி வேலை குறைந்திருக்கும். ஒவ்வொரு முறையும் இதைச் சொல்லிப் புலம்பிவிட்டுத்தான் ஸ்பேனரைக் கையில் எடுக்கிறேன்.

காங்கேயத்து நண்பர் ஒருவர், ஈரோட்டில் 1600 சிசி பீட்டில் ஒன்று விலை இறங்கி வந்திருக்கிறது, வாங்கலாமா என்று போன வாரம் கேட்டார். ஆயில் கூலர் வெளியே மாறிய எஞ்சின் என்பதால் மூன்றாம் சிலிண்டர் கவலை அவருக்குக் குறைவு; அகலமான விசிறி உதிரியாகவும் கிடைக்கிறது, என்னிடமே ஒன்று சாளையில் தொங்குகிறது. மேலே எழுதிய நல்லதையெல்லாம் அவரிடமும் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டு, வாங்க வேண்டாம் என்றேன். காரணம் கேட்டார், அன்று காலையில்தான் நார் எடுப்பதற்காகக் கூட்டைப் பிரித்திருந்தேன், விரல் முட்டியில் தோல் இல்லை. அவர் எப்படியும் போய்ப் பார்க்கத்தான் போகிறார். பார்க்கும்போது பின்சுவரின் தார் அட்டையைக் கையால் அழுத்திப் பார்க்கட்டும், பெல்ட்டைக் கழற்றி அரை நிமிடம் ஓடவிட்டு ஒலி மாறுகிறதா என்று கேட்கட்டும். சாளையில் தொங்குகிற விசிறியைச் சும்மாவே எடுத்துக்கொள்ளலாம், ஆனால் மாட்டுவதற்கு முன் கணபதிக்குக் கொண்டுபோய் எடை பார்க்க வேண்டும். 36 எம்எம் சாக்கெட்டை மட்டும் அவரே வாங்கிக்கொள்ளட்டும். என்னுடையதை இரவல் தருவதாக இல்லை.