பங்களா எம்.ஜி., புரோக்கர் எம்.ஆர்.2, கொழும்பு போர்ஷே: பேரம் எதில் படியும்?

ஓடாமல் நிற்கிற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி, திருத்தி, ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர் மலையகத்தில் சுற்றித் தேடினால் மூன்று விதமான சரக்கு கண்ணில் படலாம். ஒன்று, தோட்டத்துப் பங்களா ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கும் ஆங்கிலேயக் கார். அதற்கு எம்.ஜி.பி.யை எடுத்துக்கொள்கிறேன். இரண்டாவது, கண்டி, கம்பளைப் பக்கத்துப் புரோக்கர் கையில் இருக்கும் எண்பதுகளின் ஜப்பான் கார், டொயோட்டா எம்.ஆர்.2 என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது, கொழும்புக்காரர் ஒருவர் நுவரெலியா வீட்டில் கொண்டுவந்து விட்டு, ஏப்ரல் சீசனுக்குக்கூட எடுக்காமல் போட்டுவைத்த போர்ஷே 944. மூன்றுமே தினசரி விளம்பரத்தில் வருகிற கார்கள் இல்லை. வந்தால் விடக்கூடாது என்ற அவசரம் வாங்குபவருக்கு வரும். விற்பவருக்கு வேண்டியதும் அந்த அவசரம்தான்.

பழைய காரை வெளிநாட்டிலிருந்து இறக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: முடியாது. பாவித்த கார் இறக்குமதிக்கு வயது வரம்பு இருக்கிறது. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்குத் திறந்துவிட்டபோதும் நாற்பது வயதுக் காருக்கு வழி பிறக்கவில்லை. தீவுக்குள் ஏற்கெனவே இருப்பதுதான் சந்தை. அதனால் 'வெளியே இதைவிட மலிவாகக் கிடைக்கிறது' என்ற வாதம் இங்கே எடுபடாது.

அப்படியானால் விலை எதனால் இறங்கும்? விற்பவர் மறுக்க முடியாதபடி குறையை அவர் கண்முன்னே காட்ட வேண்டும். அவ்வளவுதான். இந்த ஒரு கோலால் அளந்தால் மூன்று கார்களும் மூன்று திசையில் நிற்கின்றன.

எம்.ஜி.பி.யை விற்பவர் பெரும்பாலும் தோட்டத்தோடு தொடர்புள்ள குடும்பம். ஓய்வுபெற்ற துரை, பெரிய கிளாக்கரின் மகன், இல்லாவிட்டால் கார் யார் பெயரில் இருக்கிறது என்றே சரியாகத் தெரியாத மருமகன். பேச்சு காரில் தொடங்காது. பிளேன்டீ வரும், அப்புறம் கதை வரும். வெள்ளைக்காரத் துரை விட்டுவிட்டுப் போன கார் என்பது ஒரு கதை. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசு கைக்குப் போனதால் அதை நம்பவும் இடமிருக்கிறது. நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றக் கார்ப் பந்தயத்தில் ஓடியது என்பது இன்னொரு கதை. அந்தப் பந்தயம் 1934இலிருந்து நடப்பது; அதில் ஓடியதாகச் சொல்லப்படும் கார்களையெல்லாம் வரிசையாக நிறுத்தினால் நானுஓயா வரை போகும். படம் இருக்கிறதா என்று மரியாதையாகக் கேளுங்கள். இல்லையென்றால் கதைக்குத் தனி விலை கிடையாது.

'இலங்கையிலேயே இது ஒண்ணுதான் ஐயா' என்பது மூன்றாவது. இங்கே எண்ணிக்கை குறைவு என்பது உண்மை. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியில் கார் இறக்குமதியை இறுக்கிப் பிடித்தார்கள். ஆனால் 1962 முதல் 1980 வரை உலகம் முழுவதற்கும் ஐந்து இலட்சத்துக்கும் மேல் செய்த கார் இது. பக்கத் தகட்டிலிருந்து கதவுப் பிடி வரை இன்றைக்கும் இங்கிலாந்தில் புதிதாகக் கிடைக்கிறது. முழு உடலையே 1988இலிருந்து பழைய அச்சுகளில் மறுபடி அடித்து விற்கிறார்கள். அபூர்வம் என்று கூட்டிய விலையை, 'சாமான் சுலபமாகக் கிடைக்கிற கார்தானே ஐயா' என்று நீங்களே சிரித்துக்கொண்டு இறக்கலாம்.

உண்மையான பேரம் ஷெட்டுக்குள்தான். இந்தக் காருக்குத் தனிச் சேசிஸ் சட்டம் இல்லை, உடல்தான் சட்டம். கூரை திறந்த வகையில் முழுப் பாரத்தையும் தாங்குவது கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிபோன்ற பக்கத் தகடு. அது வெளித் தகடு, நடுத் தகடு, அடிப்பகுதி என்று அடுக்காக இருக்கும். நடுவில் துரு பிடித்தால் வெளியே தெரியாது. சிலர் உள்ளே அழுகியதை அப்படியே விட்டு, மேலே புதுத் தகடு ஒட்டி, பட்டி போட்டுப் பெயின்ட் அடித்துவிடுவார்கள். அதனால் ஒரு காந்தமும் ஜாக்கியும் கொண்டுபோங்கள். காந்தத்தைத் துணியில் சுற்றித் தகட்டோடு நகர்த்துங்கள். ஒட்டாத இடமெல்லாம் பட்டி. அப்புறம் உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, கதவுக்குக் கீழே ஜாக்கி வைக்கும் இடத்தில் மெதுவாகத் தூக்குங்கள். சக்கரம் தரையை விட்டு எழும்போது கதவின் இடைவெளியைப் பாருங்கள். நல்ல காரில் அது அசையாது. அழுகிய காரில் மேல்விளிம்பு நெருங்கிவரும், கதவைத் திறந்தால் திறக்காது. இன்னும் மோசமானதில் ஜாக்கியே தகட்டுக்குள் புகுந்துவிடும்.

இந்தக் காட்சியை விற்பவர் பார்த்த பிறகு நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. 'இதுக்கு எவ்வளவு போகும்?' என்று அவரே கேட்பார். அந்தக் கேள்வி வந்தால் விலை இறங்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். உடனே தொகை சொல்லாமல், இரண்டு பக்கமும் வெட்டி மாற்ற வேண்டும், வெட்டும்போது உடல் தொய்யாமல் முட்டுக் கொடுக்க வேண்டும், டிங்கரிங் பாஸுக்கு இது வாரக்கணக்கில் வேலை என்று விளக்குங்கள். கூலியை அவரே கணக்குப் போடட்டும்.

கார் எங்கே நின்றது என்பதையும் விசாரியுங்கள். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் தென்மேல் பருவக்காற்று கொட்டித் தீர்க்கிற இடம். அங்கே முப்பது வருடம் நின்ற காரும், மழை குறைந்த ஊவாவின் பண்டாரவளையில் முப்பது வருடம் நின்ற காரும் ஒன்றல்ல. ஊவாப் பக்கத்துக் கார் என்றால் நான் தயங்காமல் கொஞ்சம் கூடவே கொடுப்பேன்.

எஞ்சினைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். 1798 சீ.சீ. இரும்பு எஞ்சின், மொரிஸ் ஒக்ஸ்போர்ட், ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் கார்களில் இருந்ததும் இதே குடும்பம். பழைய கராஜ்களில் கண்ணை மூடிக்கொண்டு அவிழ்க்கத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஸ்டார்ட் ஆனால் புகையின் நிறத்தைப் பாருங்கள். கறுப்பு என்றால் பெற்றோல் கூடிப்போகிறது. நுவரெலியாவின் உயரம் 1,800 மீற்றருக்கு மேல். கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு காற்று அங்கே குறைவு. கொழும்பில் செட் பண்ணிய காபரேட்டர் மலையில் அப்படித்தான் புகைக்கும், சில திருகில் சரியாகும். நீலம் என்றால் எஞ்சின் ஒயில் எரிகிறது, அது காசு. கறுப்புப் புகைக்கு விலை குறைக்கக் கேட்பவரை விற்பவர் அனுபவமில்லாதவர் என்று எடைபோட்டுவிடுவார்.

இனி எம்.ஆர்.2. 1984இல் வந்த முதல் வடிவம்: எஞ்சின் சீட்டுக்குப் பின்னால், 1600 சீ.சீ., இரட்டைக் கேம், எடை ஏறக்குறைய ஒரு தொன். மலைப்பாதை வளைவுகளுக்கு மூன்றிலும் இதுதான் பொருத்தமான கார் என்பது என் கட்சி. எஞ்சின் அந்தக் காலத்துக் கொரோலாவின் வேகமான வகைகளிலும் இருந்ததால் கொழும்பு பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளில் அலைந்தால் ஏதாவது தேறும். தேறாதது உடலின் சாமான்: பின் விளக்கு, கழற்றுகிற கூரைக் கண்ணாடிகள், அவற்றின் ரப்பர். ஒரு கண்ணாடி உடைந்திருந்தாலே தனியாகக் கணக்குப் போட வேண்டும்.

மலையகத்தில் இந்தக் காருக்கு இரண்டு சோதனை அவசியம். ரேடியேட்டர் முன்னால், எஞ்சின் பின்னால்; தண்ணீர் போகும் நீளமான குழாய்கள் அடியில் ஓடுகின்றன. அவை துருப்பிடித்திருந்தாலோ உள்ளே காற்று அடைத்திருந்தாலோ கடுகண்ணாவை ஏற்றத்திலேயே ஊசி சிவப்புக்குப் போகும். ஆகவே தட்டையில் ஒரு சுற்று ஓட்டிவிட்டுத் திரும்பாதீர்கள், ஏற்றத்தில் கொண்டுபோங்கள். இரண்டாவது, ஐந்தாம் கியர். பழைய எம்.ஆர்.2களில் அது தானாக வெளியே பாய்கிற குறை பேர்போனது. மலையில் ஐந்தாம் கியர் போடுகிற சந்தர்ப்பமே அரிது, அதனால் மலைக்காருக்கு அந்தக் குறை வருடக்கணக்கில் தெரியாமலே இருக்கலாம். நேர்ப் பாதை கிடைக்கிற இடத்தில் ஐந்தில் போட்டு, அக்சிலரேட்டரை அழுத்தி, சட்டென்று விட்டுப் பாருங்கள்.

சரி, இவ்வளவும் பார்த்தால் விலை இறங்குமா? அதிகம் இறங்காது. காரணம் புரோக்கர். பங்களாக்காரருக்குத் தெரியாத எல்லாம் இவருக்குத் தெரியும். ஐந்தாம் கியரையும் தெரியும், அதற்கு எவ்வளவு கழிக்கலாம் என்பதையும் முன்கூட்டியே விலையில் ஏற்றிவைத்திருப்பார். நீங்கள் குறையைக் காட்டினால், 'அதான் தம்பி, இந்த விலைக்குச் சொல்றேன்' என்பார். நடுவில் போன் ஒன்று வரும். 'கொழும்புலருந்து ஒருத்தர் நாளைக்கே காசோட வர்றாரு' என்று உங்கள் காதில் விழும்படி பேசுவார். அந்த ஒருத்தர் பல வருடமாக வந்துகொண்டே இருக்கிறார். 'அவருக்கே குடுங்க அண்ணே, கிடைக்கலைன்னா சொல்லுங்க' என்று எழுந்துவிடுவதுதான் இதற்குச் சரியான பதில். புரோக்கரிடம் விலை கார் பக்கத்தில் நிற்கும்போது இறங்குவதைவிட, இரண்டு கிழமை கழித்துப் போனில் இறங்குவதுதான் வழக்கம். அவருக்கு இடமும் முதலும் அடைபட்டுக் கிடக்கின்றன.

போர்ஷே 944இன் சிக்கலே வேறு. கேட்கிற விலை சில நேரம் நியாயமாகத்தான் இருக்கும். தகட்டுக்குத் துத்தநாகம் பூசியிருப்பதால் காந்தத்தோடு போனவருக்கு அங்கே வேலை இல்லை. டேஷ்போர்டு வெடிப்பையும் கூரை ஒழுகலையும் விற்பவர் தானாகவே ஒப்புக்கொண்டு சின்னதாக ஒரு தொகை கழிப்பார். பெரிய செலவு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. 2.5 லீற்றர் எஞ்சினில் டைமிங் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வுகளை வளைத்துவிடும். நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய அந்த பெல்ட் பல வருடம் நின்ற காரில் எந்த நிலையில் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கியர்பொக்ஸ் பின்னால் இருப்பதால் கிளட்ச் மாற்றவே நடுவிலுள்ள நீண்ட குழாயைப் பின்னுக்கு நகர்த்த வேண்டும். சாமானின் விலையோடு போட்டிபோடும் கூலி அது.

இவற்றை எப்படிக் காட்டுவீர்கள்? காட்ட முடியாது. 'போன முறை எடுத்தப்ப நல்லாத்தானே ஓடிச்சு' என்று அவர் சொல்வதில் பொய்யும் இல்லை. உங்கள் கணக்கு அவருக்கு வெறும் பயமுறுத்தலாகத் தெரியும். அவருக்குக் காசு அவசரமும் இல்லை. ஒன்று மட்டும் செய்யலாம்: ஒயில் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே தேயிலைக்கு ஊற்றிய பால் மாதிரி வெளிர்நுரை ஒட்டியிருந்தால் தண்ணீரும் ஒயிலும் கலந்திருக்கிறது. அதை அவருக்கும் காட்டலாம், பேசலாம். இல்லாவிட்டால், பெல்ட் மாற்றாமல் ஸ்டார்ட் பண்ணிக் காட்ட வேண்டாம் என்று தடுத்துவிட்டு, ஓடாத காரின் விலையை எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். 'ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க' என்று நீங்களே கேட்டு, அங்கேயே பெல்ட் அறுந்தால் சங்கடம் இரண்டு பேருக்கும்.

மூன்றுக்கும் பொதுவானது புக், அதாவது வாகனப் பதிவுப் புத்தகம். கார் யார் பெயரில் இருக்கிறதோ அவர் உயிரோடு இருக்கிறாரா, நாட்டில் இருக்கிறாரா என்பதை விலை பேசுவதற்கு முன்பே கேளுங்கள். பங்களாக் காரில் இறந்த அப்பாவின் பெயரும், அவுஸ்திரேலியாவில் இரண்டு பிள்ளைகளும் இருப்பது சகஜம்; எல்லா வாரிசுகளின் சம்மதமும் வந்து சேராவிட்டால் அது கார் அல்ல, இரும்பு. புரோக்கரிடம் ஓப்பன் பேப்பர், அதாவது பழைய உரிமையாளர் கையெழுத்திட்டு, வாங்குபவர் பெயர் எழுதாத பத்திரம் இருக்கும். அவரிடம் வாங்கும்போது சேசிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் புக்கோடு பொருந்தினால் மட்டும் தொடுங்கள். எம்.ஜி.யில் எப்போதோ டட்சன் எஞ்சின் மாட்டி, புக்கில் மாற்றாமல் விட்டிருந்தால் அதுவும் பேரத்துக்கு நல்ல பிடி. செலுத்தாத வருமான அனுமதிப்பத்திர நிலுவை யார் தலையில் என்பதையும் அப்போதே பேசுங்கள்.

தொகையில் சொல்வதானால், கேட்கிற விலை 100 என்றால் துரு பிடித்த எம்.ஜி.க்கு நான் 50இல் தொடங்கி 65 வரை போவேன். எம்.ஆர்.2க்கு 80இல் தொடங்குவேன், 90க்கு மேல் போக மாட்டேன். 944க்கு 40 சொல்வேன், அவர் சிரிப்பார், வந்துவிடுவேன். இவை என் அனுபவக் கணக்கு, சந்தை விலை இல்லை. திருத்தும் செலவையும் சேர்த்துப் பார்த்தால் முதலிடம் எம்.ஜி.க்கு, அதன் குறைகளுக்கு வாங்கும்போதே விலை கழித்துவிட முடிகிறது. உடனே ஓட்ட வேண்டும், காத்திருக்கப் பொறுமையில்லை என்பவர் எம்.ஆர்.2 எடுக்கலாம். போர்ஷேயை, விலை என்ன சொன்னாலும், கையில் இன்னொரு கார் வாங்குகிற அளவு காசு மிச்சம் இருப்பவருக்கு விட்டுவிடலாம்.

விலை முடிந்ததும் கார் எப்படி வரும் என்ற பேச்சு மிஞ்சும். லொறிக் கூலி யாருடையது என்பதை அட்வான்ஸ் ரசீதிலேயே எழுதிவிடுங்கள். 'கயிறு கட்டி இழுத்துட்டுப் போயிடலாம்' என்று யாராவது சொன்னால் சம்மதிக்க வேண்டாம். பல வருடம் நின்ற காரின் பிரேக் பெரும்பாலும் இறுகியிருக்கும், இல்லாவிட்டால் பிடிக்காது. ரம்பொடை இறக்கத்தில் இரண்டுமே ஆபத்து.