வெயிலில் கறுக்கும் ஹெல்மெட் வைசர்: இரண்டு வருஷப் புழக்கத்துக்குப் பிறகு

சென்னை நண்பர் ஒருவர் கேட்கிறார்: "அந்தக் கறுக்கும் வைசரை என் காஸ்பிளே ஹெல்மெட்டுக்கும் போடலாமா?" வைசர் என்றால் ஹெல்மெட்டின் முன்பக்க முகக்கண்ணாடி; இது வெயிலில் கறுத்து, உள்ளே வந்தால் தெளியும். காஸ்பிளே என்றால் கதாபாத்திர வேடம் போடுவது. ஒரே வரியில் பதில் சொல்லலாம்தான். ஆனால் அதற்கு முன் கொஞ்சம் எரிச்சலைக் கொட்ட வேண்டியிருக்கிறது.

காமிக்ஸ் ரசிகர் திருவிழாவான பெங்களூரு காமிக் கானை ஒயிட்ஃபீல்டு கேடிபிஓ கண்காட்சி வளாகத்தில் நடத்தும்போது கேமராக்கள் எல்லாம் ஹாலுக்குள் இருக்கும். வைசர் கறுப்பதோ வெளியே, கார் நிறுத்துமிடத்தில். அதைக் கறுக்க வைப்பது கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் அல்ல, புற ஊதாக் கதிர். ஹாலின் எல்இடி விளக்குகளில் அது கிட்டத்தட்ட இல்லவே இல்லை. மேடையில் எத்தனை ஃபோகஸ் லைட் அடித்தாலும் வைசர் சோடா பாட்டில் மாதிரி வெளிறியே நிற்கும். விண்வெளி வீரனின் கவசத்துக்குள் மூக்குக்கண்ணாடியும் வியர்வையும் பளிச்சென்று தெரியும். பெட்டியில் 'வெளிச்சத்துக்கு ஏற்ப நிறம் மாறும்' என்று போடுகிறார்கள். 'வெயிலுக்கு ஏற்ப' என்று போட்டிருந்தால் பாதிக் கோபம் வந்திருக்காது.

மீதிக் கோபம் வாசலில். வெயிலில் முழுசாகக் கறுக்க அரை நிமிஷம், மிஞ்சினால் ஒரு நிமிஷம். உள்ளே வந்தபின் தெளிய நாலைந்து நிமிஷம் ஆகும். டிக்கெட் சரிபார்ப்பு, பை சோதனை, படிக்கட்டு எல்லாம் சரியாக அந்த நாலைந்து நிமிஷத்துக்குள்தான் வரும். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதை. முழங்கையைப் பிடித்துக் கூட்டிப்போக ஓர் ஆள் வேண்டும், அல்லது வாசலுக்கு முன்பே நிழலில் நின்று ஹெல்மெட்டைக் கழற்றிவிட வேண்டும்.

இதில் ஊரும் முக்கியம். பிளாஸ்டிக் வைசர்களில் இருக்கும் சாய மூலக்கூறு புற ஊதா பட்டால் திறந்து நிறம் கொள்கிறது; சூடு பட்டால் மூடிக்கொண்டு வெளுக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதால், குளிரில் அதிகம் கறுத்து மெதுவாகத் தெளியும். வெக்கையில் குறைவாகக் கறுத்துச் சீக்கிரம் தெளியும். பெங்களூரு டிசம்பர் காலையில் மைபோல் கறுக்கும் அதே வைசர், சென்னையில் அக்னி நட்சத்திர வெயிலில் வெறும் டீ நிறத்தோடு நின்றுவிடும். வெயில் அதிகமென்றால் கறுப்பும் அதிகம் என்று கணக்குப் போட்டவர்களுக்கு இது அநியாயமாகத்தான் படும். கூத்து என்னவென்றால், ஜூலை மாத மேகமூட்டத்திலும் இது கறுக்கும். புற ஊதா மேகத்தைத் தாண்டி ஓரளவு இறங்கிவிடும். கண்ணுக்கு வெளிச்சமே போதாத நேரத்தில் வைசரும் இருட்டு.

வாங்கியவர்கள் செய்யும் பெரிய தப்பு ஒன்று உண்டு. முழு வைசராக இல்லாமல், ஒட்டும் ஃபிலிமாகவும் இது வரும். கீறல் படக்கூடாது என்று, அந்தக் கறுக்கும் ஃபிலிமைப் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் வைசரின் உள்பக்கம் ஒட்டுகிறார்கள். பாலிகார்பனேட் புற ஊதாவைத் தானே விழுங்கிவிடும். உள்ளே இருக்கும் ஃபிலிமுக்கு எதுவும் மிஞ்சாது. 'போலிச் சரக்கு' என்று கடைக்காரரோடு சண்டை போடுவதற்கு முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபிலிம் வெளிப்பக்கம்தான் வர வேண்டும். கீறல் விழும், விழட்டும்.

நிஜமான போலியும் உண்டு. எப்போதும் ஒரே கறுப்பாக இருக்கும் சாதாரண ஸ்மோக் டின்டையே இந்தப் பெயரில் விற்பவர்கள் இருக்கிறார்கள். வைசர் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து வெயிலில் ஒரு நிமிஷம் காட்டுங்கள். நாணயத்தை எடுத்தால் அடியில் வெளிறிய வட்டம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கடைக்குள்ளேயே பார்க்க வேண்டுமானால் 365 நானோமீட்டர் யுவி டார்ச் போதும். பெங்களூரு எஸ்பி ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

ஒரு திசையில் மட்டும் வளைந்த வைசருக்கே ஃபிலிம் சரிவரும். உருண்டையான குமிழுக்கு ஒட்டினால் ஓரமெல்லாம் சுருங்கும். ஹீட் கன் வைத்து இழுத்தால் சாயம் கெடும். அதற்குப் பதில் ரெடிமேட் பைக் வைசரை வாங்கி அளவுக்கு வெட்டுவது மேல். இருபக்கமும் மாஸ்க்கிங் டேப் ஒட்டி, சுழலும் கட்டரை மெதுவான வேகத்தில் ஓட்டுங்கள். வேகம் கூடினால் பிளாஸ்டிக் உருகி வெட்டிய இடமே மறுபடி ஒட்டிக்கொள்ளும். எம்3 திருகுக்கு 4 மில்லிமீட்டர் துளை போட்டு, ரப்பர் வாஷர் வையுங்கள். திருகு கழலாமல் இருக்கப் போடும் லாக் திரவம் பாலிகார்பனேட்டில் பட்டால் துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் விடும். சூப்பர் க்ளூவும் வேண்டாம். அதன் புகை வைசரில் வெள்ளையாகப் படியும்.

மூச்சில் பனிக்காமல் இருக்க 40 மில்லிமீட்டர் 5 வோல்ட் ஃபேன் இரண்டு. பவர் பேங்கில் போட்டால் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறதா? ஃபேன் கெடவில்லை. இழுக்கும் மின்சாரம் குறைவு என்பதால் பவர் பேங்க் தானாக அணைந்துவிடுகிறது. குறைந்த மின்னோட்டப் பயன்முறை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

'பேசாமல் ஸ்மார்ட் ஃபிலிம் போட்டால் என்ன' என்பவர்களுக்கு: ஆபீஸ் கண்ணாடித் தடுப்பில் வரும் அந்த ஃபிலிம் கறுக்காது, பால் மாதிரி மங்கும். மங்கினால் உள்ளிருப்பவருக்கும் எதுவும் தெரியாது. வெல்டிங் முகமூடியின் கண்ணாடி கண் இமைக்கும் முன் மாறும், உண்மைதான். ஆனால் அணைந்திருக்கும்போதே அது ஒரு கறுப்புக் கண்ணாடி. ஹாலுக்குள் நடக்க முடியாது.

உள்ளே முகம் தெரிவதற்கு ஓரளவு வைத்தியம் உண்டு. ஹெல்மெட்டின் உட்புறம் முழுக்க மேட் கறுப்பு அடித்து, முகத்துக்குக் கறுப்பு பாலாக்ளாவா, அதாவது கண் மட்டும் தெரியும் துணி முகமூடி. வைசருக்குப் பின்னால் 50 சதவீத டின்ட் ஒன்று. ஆனால் கணக்கைப் பாருங்கள்: தெளிந்த நிலையில் 80 சதவீதம் வெளிச்சம் விடும் வைசர் இப்போது 40 விடும், கறுத்த நிலையில் 20 விட்டது 10 ஆகும். வாசல் தொல்லை இரட்டிப்பு.

பட்ட பாட்டுக்கெல்லாம் ஈடாக ஒரு விஷயம் கிடைத்தது. டேப்பில் சின்னம் ஒன்றை வெட்டி வைசர் மேல் ஒட்டி, ஒரு நிமிஷம் வெயிலில் காட்டி உரித்தால், கறுப்புக்கு நடுவே அந்தச் சின்னம் வெளிச்சமாக நிற்கும். வெயிலிலேயே நின்றால் சீக்கிரம் கறுத்து மறையும். நிழலுக்கு வந்துவிட்டால் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். லால்பாக்கில் போட்டோ எடுக்கும்போது குழந்தைகள் இதைத்தான் திரும்பத் திரும்பக் காட்டச் சொல்கிறார்கள்.

இரண்டு வருஷத்தில் சாயம் களைத்துவிட்டது. தெளிந்த நிலையில் லேசான மஞ்சள், கறுத்த நிலையில் முன்னைவிட வெளிறல். பால்கனி ஜன்னலுக்கு எதிரே அலங்காரமாக வைத்தால் இன்னும் சீக்கிரம் போகும். கறுப்புத் துணிப்பையில் போட்டு அலமாரிக்குள் வையுங்கள். துடைக்க சோப்புத் தண்ணீர் மட்டும். தின்னரும் கண்ணாடி ஸ்ப்ரேயும் பக்கத்திலேயே வரக்கூடாது. இந்த ஹெல்மெட்டோடு வண்டி ஓட்டும் யோசனை இருந்தால், அதை இப்போதே விட்டுவிடுங்கள்.

நண்பருக்குப் பதில்: வாங்க வேண்டாம். சென்னை வெக்கை, ஏசி ஹால், இரண்டிலும் இது தோற்கும். சாதாரண ஸ்மோக் வைசரே போதும். இங்கே பழசுக்கு மாற்றாக அதே வைசர் இன்னொன்று ஆர்டர் போட்டாயிற்று. டேப் மட்டும் இந்தத் தடவை அகலமானது.