பாளையமா, ஜமீனா, மிராசா: நெல்லைச் சீமையின் மூன்று மேட்டுக்குடிகள்

பாளையக்காரரையும் ஜமீன்தாரையும் ஒரே ஆளாகப் பேசுவது திருநெல்வேலிப் பக்கம் வழக்கம். பல ஊர்களில் வம்சம் ஒன்றுதான். ஆனால் பாளையங்கள் ஜமீனாக மாறிய 1803-க்கு முன்னும் பின்னும் அதிகாரம் வேறு, வரும்படி வேறு. தாமிரபரணிக் கரையில் பரம்பரை நிலவுரிமை கொண்ட மிராசுதாரையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால்தான் கணக்கு பிடிபடும்.

பாளையக்காரருக்கு ஆதாரம் ஆள்படை. விசுவநாத நாயக்கர் காலத்து 72 பாளைய ஏற்பாட்டில் கப்பம் கட்ட வேண்டும், கூப்பிட்டால் படை அனுப்ப வேண்டும். மற்றபடி தன் எல்லைக்குள் அவரே நீதிபதி. பாளையத்துக்கு வெளியே உள்ள ஊர்களிலும் தேசகாவல் என்ற காவல்பண வசூல் உண்டு. களவு போனால் பொருளை மீட்டுத் தரவேண்டும், இல்லையேல் ஈடு கட்டவேண்டும். கோளாறும் அங்கேதான். மேலிடம் தளர்ந்தால் காவல்பணம் கொடுக்காத ஊரில்தான் களவு நடக்கும்! 1799 அக்டோபர் 16-ல் கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்ட கும்பெனி, கோட்டைகளை இடித்து ஆயுதங்களையும் பறித்தது. ஆயுதம் போனபின் பாளையம் ஏது?

ஜமீனுக்கு ஆதாரம் ஒரு காகிதம், 1803-ல் கும்பெனி கொடுத்த சன்னது என்ற உரிமைப் பத்திரம். காவலும் தண்டனை அதிகாரமும் போய் மேல்வார வசூல் (விளைச்சலில் குடியானவர் கொடுக்கும் பங்கு) மட்டும் மிஞ்சியது. மழை பெய்தாலும் பொய்த்தாலும் சர்க்காருக்குக் கட்டும் பேஷ்குஷ் மாறாது. தானிய விலை ஏறினால் லாபம் ஜமீனுக்கு, தவணை தவறினால் எஸ்டேட் ஏலத்துக்கு. பெரிய ஜமீன்களில் பட்டம் மூத்த மகனுக்கு, தம்பிமாருக்கு ஜீவனாம்சம். இதனால் எஸ்டேட் சிதறவில்லை. ஆனால் ஒருவர் ஊதாரியானால் மொத்தமும் ஆட்டம் காணும், பங்காளி வழக்கும் ஓயாது. வாரிசு மைனர் என்றால் நிர்வாகம் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் என்ற சர்க்கார் அமைப்பின் கைக்குப் போகும். பிரிக்க முடியாத எஸ்டேட்டை ஒரு ஜமீன்தார் தன் ஆயுளுக்கு அப்பாலும் கடனில் மாட்டிவிடாதபடி 1904-ல் மதராஸ் அரசு தனிச்சட்டமே போடவேண்டி வந்தது.

சிங்கம்பட்டி ஜமீனைப் பாருங்கள். 1929-ல் மாஞ்சோலை மலையில் சுமார் 8,374 ஏக்கரை 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டப்படி 1952-ல் ஜமீனை அரசு எடுத்துக்கொண்டது, குத்தகை மட்டும் தொடர்ந்தது. காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் ஆடி அமாவாசைக்கு ராஜ உடையில் அமரும் மரியாதையும் அதற்குப் பிறகு பல காலம் நீடித்தது. ஆட்சி போனாலும் அந்தஸ்து உடனே போய்விடாது.

மிராசுதாருக்குப் படையும் இல்லை, பட்டமும் இல்லை. பாளையங்கால்வாய், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் நஞ்சைப் பங்கு இருந்தது. எந்த மடை எப்போது திறக்கும் என்பதில் அவர் பேச்சு எடுபடும். கடைமடைக்காரனை வழிக்குக் கொண்டுவர வாளா வேண்டும்? இங்கே சொத்து எல்லா மகன்களுக்கும் சமபங்கு. 48 ஏக்கர்காரருக்கு நான்கு மகன், அவரவருக்கு நான்கு மகன் என்றால் பேரன் கையில் மூன்று ஏக்கர்தான். அந்த நெருக்கடியே பிள்ளைகளை வக்கீல் தொழிலுக்கும் சர்க்கார் உத்தியோகத்துக்கும் தள்ளியது. 1961-ல் 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) நில உச்சவரம்பு வந்தபோது, இப்படிப் பிரிந்துபோன குடும்பத்துக்கு இழக்க அதிகமில்லை. செல்வாக்கு நிலைத்ததில் என் ஓட்டு மிராசுக்கே.

பழைய பத்திரம் புரட்டுகிறவர்களுக்கு ஒன்று: ஜமீன் கிராமம் என்றால் 1948 சட்டத்துக்குப் பின் வந்த செட்டில்மென்ட் பட்டா வரை தொடர்ச்சி இருக்கிறதா பாருங்கள். நடுவே அறுந்திருந்தால் அந்த நிலம் காடாகவோ புறம்போக்காகவோ அரசு வசம் போயிருக்கலாம்.